முதலில் தராசு, பிறகுதான் பிரெஸ்

நல்லூரான் கோயிலில் மாலைப் பூசை மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மருமகனின் வட்ஸ்அப் செய்தி வந்தது. எட்மன்டனில் அப்போது விடிகாலை ஐந்தரை மணி. வேலைக்குப் போகமுதல் அனுப்பியிருக்கிறான். இணையக் கடையொன்றில் அவன் தெரிந்து வைத்திருந்த பொருட்களின் படம், பத்தொன்பது சாமான். கீழே ஒரு வரி: “மாமா, இதுகளிலை முதல் எதை வேண்டட்டும்?”

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். பிரெஸ், டை, மருந்து அளக்கும் குப்பி, சிறு தராசு, இடுக்கிமானி. துவக்கு ரவையை வீட்டில் தானே நிரப்பிக்கொள்ளுகிற சாமான்கள். அங்கே அதற்குப் பெயர் ரீலோடிங். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைக் கழுவி, பழைய அளவுக்கு அழுத்தி, மருந்தைப் பற்றவைக்கிற புதுப் பிரைமர், புது மருந்து, புதுச் சன்னம் வைத்துத் திரும்பவும் ரவையாக்குவது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்குப் போகிற பலர் இதைச் செய்கிறார்கள். மருமகன் போன வருடம் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணி, சுடுகலன் உரிமமும் அல்பேர்ட்டா மாகாணத்தின் வேட்டை அனுமதியும் எடுத்து, .308 வின்செஸ்டர் துவக்கு ஒன்று வாங்கியிருந்தான். கூட வேலை செய்கிறவர்களோடு கார்த்திகை மாதம் மான் வேட்டைக்குப் போகிற ஆசை.

ஏன் என்னிடம் கேட்டான் என்று தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வேணியர் இடுக்கிமானியையும் நுண்மானித் திருகுக் கணிச்சியையும் முதன்முதல் கையில் எடுத்த எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு கருவியை எப்படி நம்புவது, எங்கே நம்பக்கூடாது என்பதைத்தான் நான் அதிகம் படிப்பித்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

இருந்தாலும் இரண்டு நாள் பதில் போடவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்களும் மற்றவர்களைப் போலத் தென்மராட்சிப் பக்கம் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டு ஓட்டில் பாதி இல்லை. முற்றத்து மாமரத்தின் கீழே கோதுகள் கொட்டிக் கிடந்தன. சில துருப்பிடித்து மண்ணோடு மண்ணாக, சில பச்சை பூத்து. அம்மா தும்புத்தடியால் கூட்டிச் சுளகில் அள்ளினார். ஒன்றையும் தொடவேண்டாம் என்று எங்களுக்குக் கட்டளை. தங்கச்சிக்கு அப்போது 12 வயது. வெறும் கோது ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து ஊதினாள். விசில் மாதிரிச் சத்தம். அம்மா ஓடிவந்து கையில் ஓங்கி அடித்தார். வாழ்க்கையில் அம்மா அவளை அடித்தது அந்த ஒருமுறைதான். அந்தத் தங்கச்சியின் மகன்தான் இந்த மருமகன்.

எங்களுக்கு ரவை என்றால் எங்கிருந்தோ வருவது. அதை ஒருவர் மேசையில் இருந்து, கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றாகச் செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

மூன்றாம் நாள் எழுதினேன்: “எல்லாத்தையும் ஒருக்காக வேண்டிப் போடாதை தம்பி. நான் புரட்டாதியிலை வாறன். அதுமட்டும் ஒரு புத்தகம் மட்டும் எடுத்து வாசி.”

அவன் அதைக் கேட்டான் என்பதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது வேட்டைக்கும் சுடுகளத்துக்கும் போகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் இதைச் சொல்ல ஆள் இல்லை. அதற்குமுன் இங்கே இருந்து வாசிக்கிற தம்பிமாருக்கு ஒன்று. இது இலங்கையில் வீட்டில் செய்கிற வேலை அல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. துவக்கோ ரவையோ வெடிமருந்தோ அனுமதியின்றி வைத்திருப்பது இங்கே பெரிய குற்றம். முகமாலைப் பக்கம் இன்றும் கண்ணிவெடி அகற்றுகிறார்கள். பழைய வெடிபொருள் எதையாவது கண்டால் தொடாமல் அறிவிக்க வேண்டும். கோது பொறுக்கி நிரப்பிப் பார்ப்போம் என்ற எண்ணம் ஒருவருக்கும் வரக்கூடாது.

சரி, எட்மன்டனுக்கு வருவோம்.

மருமகன் புத்தகத்தை வாசித்து முடித்திருந்தான். லைமன் நிறுவனத்தின் கையேடு, 51ஆம் பதிப்பு. முதல் சாமான் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். எந்தச் சன்னத்துக்கு எந்த மருந்து, எவ்வளவில் தொடங்குவது, எதைத் தாண்டக்கூடாது என்பதெல்லாம் அழுத்தம் அளக்கும் கருவிகள் உள்ள ஆய்வுகூடத்தில் சோதித்து அச்சிட்ட எண்கள். யூரியூபில் ஒருவர் சொன்ன எண்ணையும், சுடுகளத்தில் பழகிய ஒருவர் காதோடு சொன்ன எண்ணையும் எடுக்கவே கூடாது. .308 ரவை வெடிக்கும்போது உள்ளே எழக்கூடிய அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கிற எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். காரின் ரயரில் நாம் அடிக்கிற காற்று 32 இறாத்தல். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 1,900 மடங்கு, அதுவும் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. இந்த எண்ணை மருமகனுக்குச் சொன்னபோது அவன் கூடையிலிருந்து நாலு சாமானைத் தானே எடுத்துவிட்டான்.

முதலில் எடுத்தது புரோகிரசிவ் பிரெஸ். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் நாலைந்து நிலையங்களில் நாலைந்து கோதுகளில் ஒரேநேரத்தில் வேலை நடக்கும். மணிக்கு நூற்றுக்கணக்கில் நிரப்பலாம். போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கு அது தேவைதான். தொடங்குகிறவருக்கு அதில் உள்ள குறை வேகமல்ல, மறைவு. ஒரு கோதில் மருந்து விழவில்லை என்றால் அது கண்ணில் படாமலே அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். மருந்தில்லாத ரவையில் பிரைமர் மட்டும் வெடித்துச் சன்னத்தைக் குழலுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். சுடுகிறவர் ‘சத்தம் குறைவாக இருக்கிறதே’ என்று நினைத்தபடி அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். ஒற்றை நிலையப் பிரெஸ் அப்படியல்ல. ஐம்பது கோதுக்கும் ஒரே வேலையை முடித்து, டையை மாற்றி, பிறகுதான் அடுத்த வேலை. ஒவ்வொரு கோதும் நாலைந்து தடவை கைக்கு வரும். பழகுகிற காலத்தில் கைக்கு வருவதுதான் பாடம்.

ஒற்றை நிலையப் பிரெஸ்களில் எதை எடுப்பது என்று அவன் ஒரு வாரம் தலையை உடைத்தான். ஆர்.சி.பி.எஸ்., ஹோர்னடி, லீ என்று மூன்று நிறுவனங்களின் தொடக்கப் பெட்டிகள் கடையில் இருந்தன. ஆர்.சி.பி.எஸ். 1943இல் கலிபோர்னியாவின் ஓரவில் என்ற சிற்றூரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர் தன் தகப்பனின் சலவைக்கடையின் ஒரு பக்கத்தில் தொடங்கியது. அங்கத்தைய ‘ரொக் சக்’ என்ற மலைக் கொறிவிலங்கைச் சுடுவதற்குச் சன்னம் செய்கிற அச்சுத்தான் அவருடைய முதல் பொருள். பெயரின் முதலெழுத்துகளும் அதிலிருந்து வந்தவை. லீ, ரிச்சர்ட் லீ 1958இல் கொண்டுவந்த ஒரு சின்னக் கைக்கருவியிலிருந்து வளர்ந்தது. மேசையில் வைத்துச் சுத்தியலால் தட்டி ரவை நிரப்பும் அந்தக் கருவியின் வழிவந்தது இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. என்னுடைய கருத்து, வார்ப்பிரும்பில் செய்த, மூடிய சட்டமுள்ள எந்தப் பிரெஸ்ஸும் ஒரு மனிதனின் ஆயுளுக்குப் போதும். நாங்கள் ஒருவர் பாவித்து விற்றதை எடுத்தோம். கைப்பிடி ஆடவில்லை, ஏறியிறங்கும் தண்டில் தளர்வில்லை. அதில் மிச்சம் பிடித்த காசைத் தராசில் போட்டோம்.

தராசைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நிறையச் சொல்ல இருக்கிறது.

மருந்தை அளக்கிற அலகு கிரெய்ன். ஒரு இறாத்தலில் 7,000 கிரெய்ன். ஒரு இறாத்தல் பாணை 7,000 துண்டாகப் பிய்த்தால் ஒரு துண்டு எவ்வளவோ அவ்வளவு. நம் ஆட்களுக்கு இன்னும் கிட்டச் சொல்வதானால், நகை செய்கிறவர்கள் முந்தி நிறுத்த குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். ரவை நிரப்புகிறவர் கிரெய்னின் பத்தில் ஒன்றைப் பார்க்கவேண்டும். அது 6.5 மில்லிகிராம், ஒரு குன்றிமணியின் இருபதில் ஒரு பங்குக்குக் கிட்ட. கஸ்தூரியார் வீதியில் பொன் வேலை செய்கிறவர்கள் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்குச் சடங்கு மாதிரித் தெரிந்தது.

மருமகன் ஒரு டிஜிற்றல் தராசு எடுத்திருந்தான். கராச்சின் ஓரத்தில் மேசை, அதன் மேல் தராசு, பக்கத்தில் மருந்துக் குப்பி. நான் முதலில் மருந்தைத் தொடவிடவில்லை. ஒரு சன்னத்தை மட்டும் தட்டில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் செய்விக்கிறதுதான். முதல் வாசிப்பு 165.0. அடுத்தது 165.0. மூன்றாவது 165.3. பிறகு 164.8. பிறகு மறுபடி 165.0. அவன் தராசு பழுது என்றான். கடைக்குத் திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடினான்.

நான் மேலே பார்த்தேன். மேசைக்கு நேர் மேலே ஹீற்றரின் காற்று வரும் வாய். வெளியே குளிர் தொடங்கிவிட்டது. ஹீற்றர் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடி நிற்கும். அது ஓடும்போதெல்லாம் வாசிப்பு ஆடுகிறது. கடதாசிக் கீலமொன்றைக் கையில் பிடித்துக் காட்டினேன். ஹீற்றர் ஓடத் தொடங்க, கீலம் மெல்ல அசைந்தது. நமக்குத் தெரியாத காற்று தராசுக்குத் தெரிகிறது. மேசையை மற்றச் சுவருக்கு மாற்றி, அட்டைப் பெட்டியொன்றை மூன்று பக்கம் மறைப்பாக வைத்து, தராசை அரைமணி நேரம் சூடாகவிட்டு மீண்டும் எடுத்தோம். பன்னிரண்டு வாசிப்பில் பதினொன்று 165.0, ஒன்று 165.1. அன்று பின்னேரம் அவன் கண்ணில் கண்ட சந்தோசத்தை நான் வகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டுமுறை காண்பேன்.

ஆனாலும் டிஜிற்றல் தராசு ஒன்றை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்பது என் எண்ணம். ஒரு துலாத் தராசும் எடுப்பித்தேன். மின்கலம் வேண்டாத, கையால் காய் நகர்த்துகிற பழைய வகை. அதன் துலா முனையில் ஒரு செப்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கிடையில் அசையும். தகட்டில் சுழிப்போட்டம் உண்டாகித் துலாவின் ஆட்டத்தை உடனே அடக்கும். பாடப்புத்தகத்தில் நான் படம் வரைந்து விளக்குகிறது மருமகனின் மேசையில் உயிரோடு இருந்தது. அதோடு சரிபார்க்கும் படிக்கற்கள் ஒரு பெட்டி. ஒவ்வொரு நாளும் தொடங்கமுதல் படிக்கல்லை வைத்து இரண்டு தராசும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். பூச்சிய வழு எப்போதும் இருக்கும். அது எவ்வளவு என்று தெரிந்திருந்தால் சரி.

அடுத்தது இடுக்கிமானி. .308 கோதின் அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம். ஒவ்வொருமுறை சுட்டு அழுத்தும்போதும் பித்தளை கொஞ்சம் முன்னுக்கு நீளும். எல்லையைத் தாண்டினால் கோதின் வாய் துவக்கின் கழுத்தில் இறுகிச் சன்னத்தை விடாமல் பிடிக்கும், அழுத்தம் ஏறும். ஆகவே 2.005க்கு வெட்டிச் சமன்செய்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றைக் காட்டுகிற சாதாரண உருக்கு இடுக்கிமானி போதும். பிளாஸ்ரிக்கில் செய்தது வேண்டாம், தாடை வளையும். இதில் காசு செலவழிக்கத் தேவையில்லை, ஆனால் மூடிய தாடையில் பூச்சியம் காட்டுகிறதா என்று ஒவ்வொருமுறையும் பார்க்கவேண்டும்.

டைகள் ஒரு சோடியாக வரும். ஒன்று கோதைப் பழைய அளவுக்குச் சுருக்கிப் பழைய பிரைமரைத் தள்ளும், மற்றது சன்னத்தை இருத்தும். எந்த நிறுவனத்தினதும் நல்லது. ஆனால் கோதுக்கு எண்ணெய்ப் பசை பூசாமல் முதல் டைக்குள் விடக்கூடாது. எங்கள் ஏழாவது கோதில் அது நடந்தது. இருவரும் கதைத்துக்கொண்டிருந்தோம். பசை பூசியது எது, பூசாதது எது என்று கலந்துவிட்டது. கைப்பிடி பாதியில் நின்றது, பலமாக இழுத்ததில் கோதின் அடிவிளிம்பு கிழிந்து கழன்று வந்தது, உடல் டைக்குள்ளேயே இறுகிவிட்டது. அடியில் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் பூட்டி இழுத்தெடுக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. இறுகிய கோதை எடுக்கிற அந்தச் சின்னப் பெட்டியைத் தொடக்கத்திலேயே வாங்கி வையுங்கள். அன்றிலிருந்து பூசியது இடக்கைத் தட்டில், பூசாதது வலக்கைத் தட்டில், வேலை நடக்கும்போது கதையில்லை.

எல்லாக் கோதையும் திரும்ப நிரப்ப முடியாது. கோதின் வாயால் டோர்ச் அடித்து உள்ளே பார்த்தால் அடியில் ஒரு துளை நடுவில் இருக்கவேண்டும். அது பொக்ஸர் வகை. இரண்டு சிறு துளை இருந்தால் பேர்டன் வகை, டையின் ஊசி உடைந்துபோகும். இரண்டு பேரும் 1866இல் காப்புரிமை எடுத்தவர்கள். பொக்ஸர் பிரித்தானிய இராணுவத்துக் கேணல், பேர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் பொக்ஸருடையதும் ஐரோப்பாவில் பேர்டனுடையதும் நிலைத்துவிட்டன. அவன் சுடுகளத்தில் பொறுக்கி வந்த பையிலிருந்து இருபதுக்கு மேல் கழித்தோம். உருக்குக் கோதுகள், வாய் வெடித்தவை, அடிப்பக்கத்தில் பளபளப்பான வளையம் விழுந்தவை. அந்த வளையம் உள்ளே பித்தளை மெலிந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அடுத்தமுறை அந்த இடத்தில்தான் அறும்.

கழுவுகிற வேலைக்கு மின்சாரத்தில் உருளும் பீப்பாய் ஒன்று அவன் கூடையில் இருந்தது. அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம். சுடுநீர், பாத்திரம் கழுவும் திரவம், கொஞ்சம் சித்திரிக் அமிலம், பத்து நிமிடம். அவன் அமிலப் பொடியைப் பொதியிலிருந்து கொட்டியபோது எனக்கு அம்மாவின் குத்துவிளக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை காலமை பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். புளியில் இருப்பது தாத்தாரிக் அமிலம், தேசிக்காயில் இருப்பது சித்திரிக். வேலை ஒன்றுதான், பித்தளையின் மேலிருக்கும் ஒட்சைட்டைக் கரைப்பது. ஆனால் அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷைக் கோதுக்குப் பாவிக்கக்கூடாது. இதற்கு ஒரு கதை இருக்கிறது, அது எங்கள் பக்கத்துக் கதை. பிரித்தானியர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மாரி முடிந்து எடுத்துப் பார்த்தால் சுடாத ரவைகளின் கோதுகளில் தானாக வெடிப்பு விழுந்திருந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும் ஈரமும், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் இருந்த தகைப்பும் சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருக்கின்றன. பருவகால வெடிப்பு என்று உலோகவியலில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

கையுறையும் வேண்டும். பழைய பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. உலர்வாகக் குலுக்கித் தூசி கிளப்புவதைவிட ஈரமாகக் கழுவுவது நல்லது. கழுவிய தண்ணீர் சமையலறைத் தொட்டிக்குப் போகக்கூடாது, மேசையில் தேத்தண்ணீர் கோப்பை வைக்கக்கூடாது. தங்கச்சி இந்த ஒரு விசயத்தில் எங்களை விடச் சரியாக இருந்தாள். அந்த வேலைக்கென்று ஒரு வாளியை எடுத்து அதில் சிவப்பு ரேப் ஒட்டிவிட்டாள்.

மருந்தும் பிரைமரும் வாங்குவதில் நான் சொன்னது மூன்றே விசயம். ஒன்று, கையேட்டில் அந்தச் சன்னத்துக்கு எழுதியிருக்கிற மருந்துகளில் கோதின் பாதிக்கு மேல் நிரம்புகிற ஒன்றைத் தெரிவு செய். தவறி இரண்டாம் தரம் கொட்டினால் வழிந்து மேசையில் சிந்தி உன்னைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு, மேசையில் ஒரே நேரத்தில் ஒரு மருந்துக் குப்பி மட்டும். வேலை முடிய மிச்சத்தை அதே குப்பியில் ஊற்றி மூடு. லேபிள் இல்லாத மருந்தை என்னவென்று ஊகிக்காதே, அது கழிவு. மூன்று, பிரைமரை அது வந்த பெட்டியிலேயே வை. போத்தலில் கொட்டி வைத்தால் ஒன்று பற்றினால் எல்லாம் பற்றும். 2020க்குப் பிறகு பிரைமர் கடைகளில் காணாமல் போன காலத்தில் அள்ளிச் சேர்த்தவர்கள் பலர். தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை. ஒரு பெட்டி போதும்.

மருந்து வகைகளைப் பற்றி அவன் நிறைய வாசித்திருந்தான். புகையில்லா மருந்தை 1884இல் பிரான்சில் போல் வியேய் கண்டுபிடித்த கதையை எனக்கு அவன்தான் சொன்னான். ஐ.எம்.ஆர். என்ற பெயரில் விற்கிற மருந்துகள் நெடுங்காலம் கியூபெக்கின் வலிஃபீல்டில் செய்யப்பட்டவை என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும்.

காசு மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் பெரும்பாலானோர் இதில் இறங்குகிறார்கள். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு மான் சுடுகிறவருக்கு ஒரு பெட்டி ரவை இரண்டு மூன்று வருடத்துக்குப் போதும். அவர் கடையில் வாங்குவதே நல்லது. மாதா மாதம் சுடுகளத்துக்குப் போய், தன் துவக்குக்கு எந்தச் சன்னம் எந்த அளவில் பொருந்துகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவருக்குத்தான் இந்தச் சாமான்கள். மருமகன் இரண்டாவது வகை. வேட்டையைவிட அவனுக்கு அந்தக் கொப்பியில் எழுதுகிறது பிடித்திருக்கிறது.

முதல் ஐம்பது கோதும் ஒரு ஞாயிறு பின்னேரம் மரக்கட்டையின் குழிகளில் நிரையாக நின்றன. பிரைமர் வைத்து, கையேடு சொன்ன தொடக்க அளவில் மருந்து நிறுத்து ஊற்றியாகிவிட்டது. அதிகபட்சத்தைவிடப் பத்து வீதம் குறைவான அளவு. இன்னும் சன்னம் வைக்கவில்லை. இந்த இடத்தில்தான் நிற்கவேண்டும். நான் டோர்ச்சைச் சரித்துப் பிடிக்க, அவன் ஒவ்வொன்றாக உள்ளே பார்த்தான். ஐம்பதிலும் மருந்து ஒரே மட்டம். கறுப்பு மினுக்கமான சிறு குச்சிகள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. நாலாவது நிரையில் ஒன்று மட்டும் சற்றுப் பதிந்து தெரிந்தது. கொட்டித் திரும்ப நிறுத்தான். அரைக் கிரெய்ன் குறைவு. ஏனென்று இருவருக்கும் விளங்கவில்லை. அவன் அதைக் கொப்பியில் நாள், நேரம், நிரை இலக்கத்தோடு எழுதினான். எனக்கு அது போதும்.

அப்போதுதான் தங்கச்சி கராச்சுக்குள் வந்தாள். நான் வந்து ஒரு மாதத்தில் அவள் அந்த மேசைக்குக் கிட்ட வந்தது அதுதான் முதல்தரம். சுடுகிற சத்தம் கேட்டால் இன்றும் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். மகன் சுடுகளத்துக்குப் போகிற நாளில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள், கடைக்குப் போய்விடுவாள். மரக்கட்டையைப் பார்த்தாள். விரலால் தொடாமல் நிரை நிரையாக எண்ணினாள். “ஐம்பதும் இருக்கு” என்றாள்.

பக்கத்துத் தட்டில் கழுவிக் காய்ந்த வெறும் கோதுகள் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். பொன் மாதிரி இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடித்துளையை விரலால் பொத்தி, உதட்டில் வைத்து ஊதினாள். மருமகன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“அண்ணா, அதைவிட இது தடிச்ச சத்தம்.”

“இது நீளம் கூட” என்றேன்.

இன்னொருதரம் ஊதினாள். பிறகு கோதைத் தட்டில் வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.